அம்மா, அந்த முள் எதுல நிக்குது?

காலை 11 மணி. ஆபீஸில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. அம்மா, வீடியோ கால். கட் செய்தேன். மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை வந்ததும் எழுந்து வெளியே ஓடினேன். காரணம், அம்மா அப்போது மதுரையில் இல்லை. லண்டன், ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் இருந்தார். அங்கே விடியற்காலை ஐந்தரை. அந்த நேரத்துக்கு மூன்று தடவை கூப்பிடுகிறார் என்றால் ஏதோ சரியில்லை.

"வீடு ஐஸ் பொட்டியாட்டம் இருக்குடி. சுவத்துல மாட்டியிருக்கிற ஹீட்டர் எல்லாம் சில்லுனு கெடக்கு. பாப்பா வேற தும்முது."

பாப்பாவுக்கு அன்றைக்கு 19 நாள். ஜனவரி மாதம். அக்காவின் பிரசவத்துக்காக அம்மா டிசம்பரிலேயே போயிருந்தார். மாமாவுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். சிசேரியன் தையலோடு அக்கா மாடியில். கீழே சமையலறையில் அம்மாவும், சுவரில் வெள்ளை பீரோ மாதிரி தொங்கும் பாய்லரும்.

அடுத்து அம்மா கேட்டதுதான் எனக்கு உதறலைக் கொடுத்தது. "கேஸ் அடுப்பு நாலையும் பத்த வெச்சு, கிச்சன் கதவைத் திறந்து விடட்டுமா? சூடு உள்ள வரும்ல?"

வேண்டவே வேண்டாம் என்று கத்தினேன். குளிருக்காக ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடிய வீடு அது. அதற்குள் அடுப்பை மணிக்கணக்கில் எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, புகை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிரையே எடுத்துவிடும். கரி அடுப்பு, சாம்பிராணித் தூபக்கால் என்று எதை வைத்தும் அறையைச் சூடாக்கக் கூடாது. பாப்பாவை அக்காவின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்க வைக்கச் சொல்லிவிட்டு, பாய்லரைக் காட்டச் சொன்னேன்.

இந்தப் பகுதியில் வழக்கமாக நம்ம வீட்டு மிக்ஸி, மோட்டார், கேஸ் ட்யூப் பற்றித்தான் எழுதுவேன். இந்த வாரம் கொஞ்சம் தூரம் போகிறோம். மகள் வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ பிரிட்டன் போய் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வரும் பெற்றோர் நம்மில் நிறைய. படிக்கப் போய் நாலைந்து பேராக வாடகை வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் நிறைய. அவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

முதலில் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பாய்லர் கேஸில் தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய், சூட்டைக் கொடுத்துவிட்டு, திரும்ப பாய்லருக்கே வரும். அதே தண்ணீர்தான் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். வெளியே போகவும் வழியில்லை, உள்ளே வரவும் வழியில்லை. அதனால்தான் இதை சீல்டு சிஸ்டம் என்கிறார்கள். குளிக்க வரும் வெந்நீர் வேறு, ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் வேறு. இரண்டும் கலக்காது. ("இந்தத் தண்ணியிலயா பாப்பாவைக் குளிப்பாட்டினேன்?" என்று அம்மா பின்னால் ஒருநாள் பதறினார். அதனால் சொல்லி வைக்கிறேன்.)

அடைத்த குழாய்க்குள் தண்ணீர் ஓர் அழுத்தத்தோடு இருக்க வேண்டும். சைக்கிள் டியூப்பில் காற்று இருப்பது மாதிரி. அதை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். மொட்டை மாடியில் 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கீழ்க் குழாயில் என்ன வேகம் இருக்குமோ, ஏறக்குறைய அதுதான் 1 பார். பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சூடானால் கொஞ்சம் ஏறும், 2 வரை போகலாம், பயமில்லை. 0.5-க்குக் கீழே இறங்கினால் பல பாய்லர்கள் தானாகவே நின்றுவிடும். தண்ணீர் போதாமல் எரிந்து பாழாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. டிஜிட்டல் திரை இருந்தால் எஃப்1, எஃப்22, இ119 என்று ஏதாவது ஒரு குறி வரும். கம்பெனிக்குக் கம்பெனி குறி மாறும். பாய்லரோடு வந்த புத்தகத்தில் அர்த்தம் இருக்கும்.

"அம்மா, கீழ வட்டமா ஒரு மீட்டர் இருக்கா? அந்த முள் எதுல நிக்குது?"

"கண்ணாடி போட்டுட்டு வர்றேன் இரு... ஜீரோவுக்குக் கொஞ்சம் மேல. 0.3-னு வெச்சுக்கோயேன்."

அப்படியென்றால் பாய்லர் கெட்டுப்போகவில்லை. தண்ணீர்தான் குறைந்திருக்கிறது. இந்த வேலையை வீட்டில் இருப்பவரே செய்யலாம். ஸ்பேனர் வேண்டாம், கேஸைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: பாய்லரின் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் அது கேஸ் வேலை. பிரிட்டனில் கேஸ் சேஃப் ரிஜிஸ்டரில் பெயர் பதிந்தவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

நான் அம்மாவுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். முதலில் பாய்லரை ஆஃப் செய்யச் சொன்னேன். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஏற்றக் கூடாது. சூட்டில் முள் ஏறி நிற்பதால் அளவு ஏமாற்றும், பாய்லருக்கும் நல்லதல்ல. ஆறட்டும். அம்மாவின் பாய்லர் ராத்திரியே நின்றுபோனதால் பச்சைத் தண்ணீராகத்தான் இருந்தது.

அடுத்து பாய்லருக்கு அடியில் பார்க்க வேண்டும். வெள்ளிக் கம்பி பின்னிய மாதிரி ஒரு குட்டி ஹோஸ் பைப் இருக்கும். அதற்குப் பெயர் ஃபில்லிங் லூப். ஒரு முனை தெருக்குழாய்த் தண்ணீர் வரும் பைப்பிலும், மறுமுனை ரேடியேட்டர் பைப்பிலும் சேரும். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு வால்வு. பாய்லருக்கு அடியில் இல்லையென்றால் பக்கத்து அலமாரிக்குள் இருக்கலாம். ஹோஸைக் கழற்றி வைத்திருந்தால் இரண்டு பக்கமும் மரையை இறுக்கி மாட்ட வேண்டும். சில மாடல்களில் ஹோஸுக்குப் பதில் பிளாஸ்டிக் சாவி இருக்கும், சிலவற்றில் நெம்புகோல். அதற்கு அந்தந்தப் புத்தகம்தான் வழி.

வால்வைப் பற்றி அம்மாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "கைப்பிடி குறுக்க இருந்தா மூடியிருக்கு, பைப்போட நேரா இருந்தா திறந்திருக்கு. நம்ம மோட்டார் லைன் மாதிரிதானே?" என்றார். அதேதான். கைப்பிடி இல்லாமல் ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திருப்பும் வெட்டு மட்டும் இருந்தாலும் கணக்கு இதுவே.

ஒரு வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, இரண்டாவதை மெதுவாக, கொஞ்சமே கொஞ்சம் திறக்க வேண்டும். உஸ் என்று சத்தம் கேட்கும். தண்ணீர் உள்ளே போகிறது. மோட்டார் எதுவும் தேவையில்லை, தெருக்குழாய்த் தண்ணீரின் அழுத்தமே தள்ளிவிடும். கண் முள்ளிலேயே இருக்க வேண்டும். 1.2, 1.3 வந்ததும் இரண்டு வால்வையும் மூடிவிட வேண்டும்.

இங்கேதான் நான் சொதப்பினேன். 'மெதுவாக' என்ற வார்த்தையைச் சொல்லாமல், "ரெண்டாவதையும் திறம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டேன். அம்மா ஒரே திருப்பாகத் திருப்ப, முள் 2.3-க்குத் தாவிவிட்டது. ஆறின பாய்லரில் அது அதிகம். அப்படியே பற்ற வைத்திருந்தால் சூட்டில் இன்னும் ஏறி 3-ஐத் தொட்டிருக்கும். 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும். குக்கரில் விசில் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொள்ளுமே, அந்த வேலைதான். ஆனால் இது கொதிக்கிற தண்ணீரை வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் செப்புக்குழாய் வழியாகத் தெருப்பக்கம் கொட்டும். ஒருமுறை திறந்த வால்வு சில நேரம் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பது தனித் தலைவலி.

ஏறிய அழுத்தத்தை இறக்க ஒரு வழி உண்டு. ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு திருகு இருக்கும். அதற்கென்று பழைய சுவர்க்கடிகாரச் சாவி மாதிரி ஒரு சாவி, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பழைய துணியைக் கீழே பிடித்துக்கொண்டு கால் திருப்பு திருப்பினால் காற்று உஸ்ஸென்று வரும், பிறகு தண்ணீர் வரும். ஒரு டம்ளரில் பிடித்து, முள் இறங்கியதும் மூடிவிடலாம். துணி முக்கியம். அந்தத் தண்ணீர் கறுப்பாக இருக்கும், கார்ப்பெட்டில் பட்டால் போகாது. அம்மா எவர்சில்வர் டம்ளரில் பிடித்துவிட்டு, "காவேரித் தண்ணி மாதிரி இருக்கும்னு பார்த்தா கூவமால்ல இருக்கு" என்றார்.

முள் 1.3-க்கு வந்தது. ரீசெட் பட்டனை அழுத்தினார். டப் என்று பற்றிக்கொண்டது. அரைமணி நேரத்தில் ஹால் ரேடியேட்டரில் கை வைத்து, "சூடேறிடுச்சு" என்றார். நான் மீட்டிங்குக்குத் திரும்பினேன். எடிட்டர் முறைத்தது தனிக்கதை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு அம்மாவிடமும் சொல்ல மறந்தேன். வேலை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றி வைக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருக்க ரசாயனம் கலந்திருப்பார்கள். அது எந்தக் காரணத்தாலும் குடிதண்ணீர்க் குழாய்க்குள் திரும்பி வந்துவிடக் கூடாது. பிரிட்டனின் 1999-ம் வருடத் தண்ணீர் இணைப்பு விதிகளே தற்காலிக ஹோஸைக் கழற்றச் சொல்கின்றன. ஹோஸ் மாட்டியபடியே இருந்து வால்வு லேசாகக் கசிந்தால், ராத்திரியெல்லாம் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். கழற்றும்போது கொஞ்சம் தண்ணீர் சிந்தும், கீழே கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். முனைகளுக்கு மூடி இருந்தால் திருகிவிடுங்கள். வால்வு மூட மறுத்து தண்ணீர் ஏறிக்கொண்டே போனால் பதறாமல் வீட்டின் மெயின் குழாயை மூடுங்கள். பெரும்பாலும் சமையலறை சிங்க்குக்கு அடியில் இருக்கும். அங்கே போய் இறங்கிய முதல் நாளே அது எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சின்னச் சமாச்சாரம். முடியவில்லை. ஆறாவது நாள் முள் மறுபடி 0.4. அம்மா இந்த முறை என்னைக் கூப்பிடவே இல்லை, தானே ஏற்றிவிட்டார். நான்கு நாள் கழித்து மறுபடியும். "வெள்ளிக்கிழமை வெளக்குப் போடுற மாதிரி வாரா வாரம் பாய்லருக்குத் தண்ணி காட்டிடுறேன்" என்று பெருமையாகச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அடைத்த குழாயில் தண்ணீர் எப்படிக் குறையும்? எங்கேயோ வெளியே போகிறது.

வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஏற்றுவது சகஜம். ரேடியேட்டரில் காற்று எடுத்தாலே கொஞ்சம் குறையும். வாரா வாரம் ஏற்றுவது பாய்லரை மெதுவாகக் கொல்வது. பழைய தண்ணீரில் இருந்த ஆக்ஸிஜன் என்றைக்கோ தீர்ந்துபோயிருக்கும். புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் புது ஆக்ஸிஜனைக் கொண்டுவரும், ரேடியேட்டர் உள்ளே துருப்பிடிக்கும். அம்மா டம்ளரில் பிடித்த கறுப்பு அந்தத் துருச் சேறுதான். துருவைத் தடுக்கும் ரசாயனமும் நீர்த்துப்போகும். லண்டன் தண்ணீர் உப்புத் தண்ணீர் வேறு. நம்ம ஊர் போர் தண்ணீரில் பாத்திரம் வெள்ளை பூக்குமே, அது அங்கேயும் உண்டு.

அம்மாவிடம் ஒரு நோட்டு போடச் சொன்னேன். காலையில் ஆறியிருக்கும்போது முள் எங்கே, ராத்திரி ஹீட்டர் ஓடும்போது எங்கே. பால் கணக்கு நோட்டு மாதிரி மூன்று நாள் எழுதினார். காலை 1.3. ராத்திரி 2.9. மறுநாள் காலை 0.9. இப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அதோடு, குப்பை போட வெளியே போனவர் இன்னொன்றையும் பார்த்துவிட்டார்: "பின்பக்கச் சுவத்துல ஒரு செம்புக்குழாய் நீட்டிட்டிருக்கு. அதுக்குக் கீழ சுவரு பாசி புடிச்சுக் கெடக்குடி."

சேஃப்டி வால்வின் குழாய்! பாய்லர் ஆறியிருந்த நேரமாகப் பார்த்து, அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் காலை, பைக்குள் தண்ணீர்.

காரணம் இதுதான். தண்ணீர் சூடானால் விரியும். 10 டிகிரியில் 100 லிட்டராக இருப்பது 80 டிகிரியில் ஏறக்குறைய 103 லிட்டர் இடம் கேட்கும். அடைத்த குழாயில் அந்த மூன்று லிட்டர் எங்கே போகும்? அதற்காகவே ஒரு குட்டி உருளை வைத்திருப்பார்கள். நடுவில் ரப்பர் திரை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். தண்ணீர் விரியும்போது காற்று ஒடுங்கி இடம் விடும். அந்தக் காற்று இறங்கிவிட்டால் விரிகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. முள் 3-ஐத் தொடும், சேஃப்டி வால்வு திறந்து வெளியே கொட்டும், ஆறினதும் முள் பாதாளத்துக்குப் போகும். நாம் வெள்ளந்தியாக மறுபடியும் தண்ணீர் ஏற்றுவோம். சூட்டில் முள் ஏறாமல் இரவு பகலாக மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் கதை வேறு, எங்கேயோ ஒழுகல். ரேடியேட்டர் வால்வு, தரைக்கு அடியில் ஓடும் பைப் என்று தேட வேண்டும்.

வீட்டைக் கவனிக்கும் ஏஜென்ட்டுக்கு மாமா இரண்டு முறை போன் செய்திருந்தார். "பிரஷர் குறைஞ்சா ஏத்திக்குங்க, அது டெனன்ட் வேலை" என்பதுதான் பதில். பாதி உண்மை. ஏற்றுவது நம் வேலை. வாராவாரம் ஏன் குறைகிறது என்பதைச் சரிசெய்வது வீட்டுக்காரர் வேலை. இங்கிலாந்தில் 7 வருடத்துக்குக் குறைவான வாடகை ஒப்பந்தம் என்றால், ஹீட்டிங்கையும் வெந்நீர் வசதியையும் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டியது வீட்டுக்காரர் என்று 1985-ம் வருடச் சட்டமே சொல்கிறது. வருடம் ஒருமுறை கேஸ் சோதனையும் அவர் பொறுப்புதான். மாமா இந்த முறை போன் செய்யவில்லை. நோட்டுப் பக்கத்தையும், தண்ணீர்ப் பையையும், பாசிச் சுவரையும் படம் எடுத்து, 'வீட்டில் ஒரு மாதக் குழந்தை இருக்கிறது' என்ற வரியோடு ஈமெயில் அனுப்பினார். மூன்றாம் நாள் ஆள் வந்துவிட்டார்.

வந்தவரிடம் முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாராம் அம்மா, சைகையிலேயே. கேஸ் சேஃப் அட்டையின் பின்பக்கம் அவர் எந்தெந்த வேலை செய்யத் தகுதி பெற்றவர் என்று இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் சமையலறைக்குள் விட்டிருக்கிறார். அவர் மூடியைத் திறந்து, தண்ணீர் அழுத்தத்தை முழுசாக இறக்கிவிட்டு, அந்த உருளையின் வால்வில் பம்பை மாட்டி அடித்திருக்கிறார். கார் டயரில் இருக்கும் அதே மாதிரி வால்வு. "லண்டன்ல வந்து சைக்கிள் கடைக்காரன் மாதிரி காத்தடிச்சான்டி" என்று அம்மா வீடியோ அனுப்பினார். ரப்பர் திரை கிழியாமல் இருந்ததால் காற்றோடு போனது. கிழிந்திருந்தால் காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் வரும், உருளையையே மாற்ற வேண்டும். சொட்டிக்கொண்டிருந்த சேஃப்டி வால்வையும் மாற்றிவிட்டு, ரசாயனத்தையும் புதிதாக ஊற்றிவிட்டுப் போனார். பம்ப் நம்மிடமும் இருக்கிறதே என்று இதை நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம். மூடியைத் திறக்கக் கூடாது என்றேனே, இது அதற்குள் வரும் வேலை.

போகிற போக்கில் இன்னும் சில. பழைய வீடுகளில் பரண் மேல் குட்டித் தொட்டி இருந்தால் அது சீல்டு சிஸ்டம் அல்ல. மிதவை வால்வு தானாகவே நிரப்பிக்கொள்ளும், மீட்டரைத் தேடி அலையாதீர்கள். கடும் பனி நாளில் முள் சரியாக இருந்தும் பாய்லர் களக் களக் என்று சத்தம் போட்டு நின்றால், வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம். தண்ணீர் ஏற்றினால் அது சரியாகாது. கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்ச்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 0800 111 999-க்குக் கூப்பிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீடு என்றால், வாங்கி மாட்டிய பிறகு மற்றதைப் பேசுங்கள்.

பாப்பா அறைக்கு 16-லிருந்து 20 டிகிரி போதும் என்பது அங்கே சொல்லும் கணக்கு. மதுரை வெயிலில் வளர்ந்த அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. 26-ல் வைத்துவிட்டு, மேலே ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிவிடுவார். அதிகச் சூடும் பச்சைக்குழந்தைக்கு ஆபத்து என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் குல்லா கழன்றது. அக்கா தெர்மோஸ்டாட்டில் 19-க்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறாள்.

அம்மா போன வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டார். நோட்டு இப்போது அக்கா கையில். காலையில் 1.3, ராத்திரி 1.8. பின்பக்கச் சுவர் காய்ந்துவிட்டதாம்.

மதுரைக்கு வந்து பையைக் கீழே வைத்ததும் அம்மா நேராக எங்கள் பாத்ரூமுக்குப் போய் கீசரை அண்ணாந்து பார்த்தார். "இதுலயும் ஒரு வால்வு சொட்டுதுடி. இது இப்படித்தான் சொட்டணுமா, கூடாதா?"

அது அடுத்த வாரம்.